இசுமோ பெருங்கோயிலின் மூலவர் மாறிய வரலாறு

ஜப்பான் கடலோரத்தில், ஷிமானே மாநிலத்தில் இருக்கிறது இசுமோ தைஷா என்னும் ஷிந்தோ பெருங்கோயில். பெரிய வாயிலைத் தாண்டியதும் பாதை மேலே ஏறாமல் கீழே சரிகிறது. ஜப்பானியக் கோயில்களில் இது அரிது. சரிவு முடிந்து, பைன் மர வரிசையையும் கடந்தால் வெண்கல வாயில் ஒன்று நிற்கிறது. தோரி எனப்படும் அந்த வாயிலை 1666இல் மோரி சுனாஹிரோ என்ற பெருநிலக்கிழார் காணிக்கையாகக் கொடுத்தார். இக்கோயிலின் தெய்வம் சுசனோவோ என்று அதன் தூணில் பொறித்திருக்கிறது. உள்ளே கருவறையில் இருப்பவரோ ஓகுனினுஷி. வாயிலின் பேச்சும் கருவறையின் பேச்சும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடிப் போனால் ஆயிரம் ஆண்டு வரலாறு விரிகிறது.

முதலில் பழைய நூல்கள். 712இல் அரசவை தொகுத்த கோஜிக்கி, ஓகுனினுஷியை நாட்டை உருவாக்கி ஆண்டவராகக் காட்டுகிறது. தோலுரிந்து தவித்த இனாபா முயலுக்கு மருந்து சொன்னவர் அவர்தான். அந்த நாட்டைத் தன் வழித்தோன்றலுக்கு விட்டுக்கொடுக்கும்படி சூரிய தேவி அமதெராசு கேட்கிறாள். தூதராக வந்த தகேமிகசுசி, இனாசா கடற்கரையில் அலைமீது வாளைத் தலைகீழாக நட்டு, அதன் கூர்முனையில் சம்மணமிட்டு அமர்கிறார். ஓகுனினுஷியின் ஒரு மகன் உடனே இசைகிறார். இன்னொரு மகன் மோதித் தோற்று, சுவா என்ற இடம் வரை ஓடி ஒளிகிறார். தந்தை ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறார்: பாறையில் வேரூன்றிய தூண்களோடு, வானை எட்டும் மாளிகை தனக்கு வேண்டும். அந்த மாளிகையே இக்கோயில் என்பது மரபு. 720இல் முடிந்த நிஹோன் ஷோகியின் மாற்றுப் பாடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் ஆட்சி வானவர் வழிக்கும் கண்ணுக்குத் தெரியாத காரியங்கள் இவருக்கும் என்று பங்கு பிரிக்கிறது. திருமணம் கூட்டிவைக்கும் தெய்வமாக இன்று மக்கள் இவரைத் தேடி வருவதற்கு அடிப்படை அந்தப் பங்கீடுதான்.

733இல் முடிந்த இசுமோ ஃபுதோகி வேறு குரலில் பேசுகிறது. அதைத் தொகுத்தவர் இசுமோவையே ஆண்ட குடியின் தலைவர். அதில் பெருந்தெய்வமான ஓகுனினுஷி மற்ற நிலங்களை விட்டுக்கொடுத்தாலும், பசுமலைகள் சூழ்ந்த இசுமோவைத் தனக்கென வைத்துக்கொள்கிறார். கடலுக்கு அப்பால் கிடந்த நிலத்துண்டுகளைக் கயிறு கட்டி இழுத்துத் தைத்த ஒமிட்சுனு என்ற தெய்வத்தின் கதையும் அதில் உண்டு. சுசனோவோ எட்டுத்தலைப் பாம்பைக் கொன்ற கதை, நடந்த இடம் இசுமோ என்று அரசவை நூல்கள் சொல்லியும், இந்த உள்ளூர் நூலில் இல்லை. உள்ளூர்க்காரர் சொல்லாத கதையை அரசவை சொன்னது என்பதை எளிதில் கடந்துவிட முடியவில்லை. இசுமோவின் புராணம் என்று நாம் படிப்பதில் எவ்வளவு யாருடையது என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

இடைக்காலத்தில் சுசனோவோ மூலவராகிறார். அதற்குப் பெருங்காரணம் அருகிலிருந்த கக்குவென்ஜி என்ற பௌத்த மடம். அம்மடம் பரப்பிய கதைப்படி, ராஜகிருகத்தில் புத்தர் போதித்த கிருத்திரகூட மலையின் ஒரு மூலை உடைந்து கடலில் மிதந்து வந்ததாம். அதை உலக்கையால் இடித்து நிலைநிறுத்தியவர் சுசனோவோவாம். கோயிலின் பழைய பெயரான கிசுகிக்கு அந்த இடிப்பையே காரணமாகக் காட்டினார்கள். ஒமிட்சுனு நிலத்தை இழுத்த பழங்கதை மறையவில்லை. கதாநாயகனை மாற்றிக்கொண்டு, பௌத்த நிலவியலுக்குள் குடியேறியது என்றே நான் வாசிக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் அமாகோ சுனெஹிசா என்ற போர்த்தலைவர் கோயில் வளாகத்துக்குள் பௌத்தக் கட்டடங்களை எழுப்பினார். அவற்றில் மூன்றடுக்குக் கோபுரம் 1527இல் முடிந்தது.

திருப்பம் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. ஷோகுன் அரசின் உதவியோடும் மட்சுஎ சிற்றரசர் மட்சுதைரா நாவோமாசாவின் முயற்சியோடும் நடந்த திருப்பணி 1667இல் நிறைவுற்றது. பழைய நூல்களை மீண்டும் படித்த அறிஞர்களும் பூசகர்களும் ஓகுனினுஷியை மூலவராக்கி, பௌத்தக் கட்டடங்களை அகற்றினார்கள். மூன்றடுக்குக் கோபுரம் 1665இல் இன்றைய ஹியோகோ மாநிலத்திலுள்ள நகுசா கோயிலுக்குப் போனது. அக்கோயில் இருக்கும் மலையிலிருந்து தேவதாரு மரம் திருப்பணிக்கு வந்தது. கோபுரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. மோரியின் வெண்கல வாயில் வந்ததும் இந்த ஆண்டுகளில்தான். மாற்றம் உள்ளே நடந்துகொண்டிருக்க, வாயிலில் பழைய நம்பிக்கையே பொறிக்கப்பட்டது. ஒரு முடிவு எல்லோரையும் ஒரே நாளில் எட்டிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

இன்றைய கருவறை 1744இல் கட்டியது. உயரம் ஏறத்தாழ 24 மீட்டர். முன்பு அது இரு மடங்கு, 48 மீட்டர் உயர்ந்திருந்தது என்பது மரபு. 970இல் எழுதப்பட்ட சிறுவர் பாடநூல் ஒன்று நாட்டின் பெரிய கட்டடங்களை வரிசைப்படுத்தும்போது, தோதாய்ஜி புத்தர் மண்டபத்துக்கும் முன்னால் இசுமோவைச் சொல்கிறது. மும்மூன்று மரங்களை இரும்பு வளையத்தால் கட்டி ஒரே தூணாக்கும் வரைபடம் ஒன்றை 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோதோவோரி நோரினாகா வெளியிட்டார். பலர் அதைக் கற்பனை என்றே எண்ணினார்கள். 2000இல் தரையைத் தோண்டியபோது மூன்று மரங்களைச் சேர்த்த, ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள தூண்களின் அடிகள் கிடைத்தன. 1248இல் நடந்த திருப்பணியைச் சேர்ந்தவை அவை என்று கணிக்கிறார்கள். வரைபடம் பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது. 48 மீட்டர் என்பதற்கு மட்டும் அது சான்றாகாது. அவை இருந்த இடத்தில் தரையில் மூன்று மூன்று வட்டங்களாக அடையாளமிட்டிருக்கிறார்கள். அவற்றின்மீது நின்று மேலே பார்த்தால்தான், வானை எட்டும் மாளிகை என்ற பழைய நிபந்தனையின் எடை புரிகிறது.

ஓகுனினுஷி மூலவரான பிறகும் அவர் உருவம் ஒரே நிலையில் நிற்கவில்லை. அவர் பெயரிலுள்ள 'பெருநாடு' என்ற எழுத்துகளை தாய்கோகு என்றும் வாசிக்கலாம். இந்தியாவின் மகாகாளர் சீனம் வழியாக ஜப்பானுக்குப் போய் தாய்கோகு ஆனவர். ஒலி ஒத்ததாலும், முயல் கதையில் ஓகுனினுஷி மூட்டை சுமந்ததாலும், மூட்டையோடு சிரிக்கும் தாய்கோகுவும் இவரும் மக்கள் மனத்தில் ஒன்றானார்கள். மெய்ஜி காலத்தில் இன்னொரு சர்ச்சை எழுந்தது. அமதெராசுவோடு ஓகுனினுஷியையும் அரசின் ஷிந்தோ அமைப்பில் வணங்க வேண்டும் என்று இசுமோவின் தலைமைப் பூசகர் செங்கே தகதோமி வாதாடினார். 1881இல் பேரரசரின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. மறு ஆண்டே அவர் தனிப் பிரிவு ஒன்றை நிறுவினார்.

சுசனோவோ வெளியேறிவிடவில்லை. கருவறைக்குப் பின்னால், மலையடிவாரத்தில், அவருக்குச் சிறு கோயில் இருக்கிறது. தகேமிகசுசி வாள் நட்ட இனாசா கரைக்குப் போய் மணல் அள்ளி வரும் பக்தர்கள் அதை இங்கே படைத்துவிட்டு, ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் மணலில் கொஞ்சத்தைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.