பற்றாசும் வாக்குரிமையும்

கல்வராயன் மலைக்கு வாக்குரிமை வந்த கதையையும், மின்சுற்றுப் பலகையில் ஒரு சில்லைப் பற்றவைக்கும் தொழிலையும் ஒரே கட்டுரையில் சொல்லப் புகுவது நண்பர்களுக்கு விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் இவ்விரண்டும் 2001இல் அம்மலையில் சந்தித்துக்கொண்டன.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்களாக இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்றும் ஜாகீர் ஆட்சி விலகவில்லை. 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை) வாக்குரிமை பெற்றது 1996இல்தான் என்று, 2024ஆம் ஆண்டுக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் எடுத்துரைக்கப்பட்டது. வாக்குச்சீட்டைக் கண்டு ஐந்தாண்டுகள்கூட நிரம்பிய நிலையில், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதற்கும் மின்னணு இயந்திரம் வந்துவிட்டது.

அந்த இயந்திரத்தைச் செய்தவை இரண்டு அரசு நிறுவனங்கள்: ஐதராபாத்தின் இ.சி.ஐ.எல்., பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ். பின்னதில் இப்பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் எஸ். ரங்கராஜன் நமக்கெல்லாம் வேறு பெயரில் அறிமுகமானவர்: சுஜாதா. இதற்காக வாஸ்விக் விருதும் பெற்றார். 1982இல் கேரளத்தின் பறவூரில் 50 வாக்குச்சாவடிகளில் வெள்ளோட்டம் பார்த்ததும், சட்டத்தில் இடமில்லையென்று உச்ச நீதிமன்றம் 1984இல் அதைச் செல்லாததாக்கியதும், பிறகு சட்டமே திருத்தப்பட்டதும் பலரும் அறிந்தவை. நான் சொல்ல வருவது பெட்டியின் உள்ளே இருப்பதைப் பற்றி.

பொற்கொல்லர் இரண்டு துண்டுகளை இணைக்க இடும் உலோகக் கலவைக்குப் பற்றாசு என்று பெயர். பொன் உருகுமுன் அது உருக வேண்டும். வெண்காரம் இட்டால்தான் ஓடிப் பிடிக்கும். மின்னணுப் பட்டறையிலும் இதே இலக்கணம்தான். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தால் 183 பாகையில் உருகும். வெண்காரத்தின் இடத்தில் பேஸ்ட். பழைய சில்லுகளின் கால்கள் பலகையின் துளைகளில் நுழையும். மேற்பரப்புச் சில்லுக்குத் துளையில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வரிசையாக நிற்கும் கால்கள் செப்புத் திட்டுகளின்மேல் அமர வேண்டும். ஈயம் சற்று மிகுந்தாலும் இரு கால்களுக்கிடையே பாலம் விழுந்துவிடும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கச் சில பலகைகளில் சில்லை நேரடியாகப் பற்றவைப்பதில்லை. சாக்கெட் என்னும் கூட்டைப் பற்றவைத்து, அதில் சில்லைச் செருகுவார்கள். கணினிப் பலகைகளில் பயாஸ் சில்லு அப்படித்தான் இருந்தது. கெட்டால் பிடுங்கி மாற்றலாம். சில்லின்மேல் சூடும் படாது. வாக்கு இயந்திரத்திலோ அந்த வசதியே குற்றம். எளிதில் மாற்றத்தக்க சில்லு எளிதில் திருடத்தக்கதும்கூட. எனவே ஒருமுறை மட்டும் நிரல் பதியக்கூடிய சில்லு, கூடில்லாமல் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. சூடான காற்றடித்துப் பெயர்த்தால் கருகலோ, பிய்ந்த திட்டோ தடயமாக எஞ்ச வாய்ப்புண்டு. பற்றாசு பூட்டன்று; தடயம். யாராவது திறந்து பார்த்தால்தான் அதற்குப் பயன்.

இக்குறையை 2010இல் ஐதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்காவின் ஆலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்க்ரிப் ஆகியோர் ஓர் உண்மையான இயந்திரத்தைக் கொண்டே காட்டினர். அவர்கள் செய்த கருவிகளுள் ஒன்று, வாக்குகளைச் சேமிக்கும் நினைவகச் சில்லின் கால்களில் கவ்விக்கொண்டு எண்ணிக்கையை மாற்றுவது. ஈயமும் வேண்டாம், சூடும் வேண்டாம்! முத்திரைகளும் காவலும் இருக்க இது நடைமுறையில் இயலாதென்பது ஆணையத்தின் வாதம். ஹரி பிரசாத் அவ்வாண்டே கைது செய்யப்பட்டார். இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்பதே கேள்வியாயிற்று. சொன்னவரைச் சிறையிலிட்டதால் சொன்னது பொய்யாகிவிடாது என்பது என் எண்ணம். பின்னர், வாக்காளர் தம் தேர்வைப் பார்த்துச் சரிபார்க்கும் காகிதச் சீட்டு 2013 முதல் வந்து சேர்ந்தது.

2024 ஏப்ரல் 19 அன்று கள்ளக்குறிச்சித் தொகுதி வாக்களித்தது, மலையும் வாக்களித்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26இல், உச்ச நீதிமன்றம் காகிதச் சீட்டுகள் அனைத்தையும் எண்ணும் கோரிக்கையை மறுத்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டு, செலவையும் ஏற்றால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களில் சில்லின் நினைவகத்தைத் தயாரிப்பாளரின் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றது.