ஜீப்பில் ஏறிய ஒயர்லெஸ் - ஒரு சிறு வரலாறு

கையில் செல்போன் இருக்கும்போது ஜீப்பில் எதற்கு ஒயர்லெஸ் பெட்டி? ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி, உரிகம் பக்கம் காட்டுப்பாதையில் ஒருமுறை போய் வந்தால் பதில் தெரிந்துவிடும். பல இடங்களில் சிக்னலே இருக்காது. அங்கே வனத்துறைக்கும் போலீசுக்கும் ஒயர்லெஸ்தான் துணை. ஆனால் ஓடுகிற வண்டியில் ரேடியோவைப் பேச வைத்தது அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீஸ் 1921லேயே காரில் ரேடியோ வைத்துப் பார்த்தது. கார் நின்றால் கேட்கும், ஓடினால் குழப்பம்! அன்றைய வால்வு ரேடியோ குலுக்கலைத் தாங்கவில்லை. ஓட்டத்திலும் நிலையாக வேலை செய்யும் கருவி 1928ல்தான் கிடைத்தது. அதிலும் கேட்க மட்டுமே முடியும், பதில் பேச முடியாது. காரிலிருந்து திருப்பிப் பேசும் வசதி 1933ல் நியூஜெர்சியின் பேயோன் நகரப் போலீசுக்கு வந்தது.

அதே 1933ல் இந்தியாவில் என்ன நடந்தது தெரியுமா? லைசென்ஸ் இல்லாமல் ஒயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு சட்டம் வந்தது. அங்கே வாய் திறந்த வருஷம், இங்கே பூட்டு! இதனால் வண்டி ஒயர்லெஸ் நம் ஊரில் வெகுகாலம் அரசாங்கத்தின் பொருளாகவே இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜீப் வந்ததும் புதுச் சிக்கல்கள். மேடுபள்ளத்தில் பெட்டி உடையாமல் இருக்க அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தார்கள். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் ரேடியோவில் கரகரவென்று இரைச்சலைக் கிளப்பியது. அதை அடக்க தனிப் பாகங்கள் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட ஜீப்பின் பானெட்டில் எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' என்ற எழுத்து இருக்கும்.

இனி நம் எல்லைக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி வரை தர்மபுரியோடு இருந்தது. இந்த எல்லைக் காடுகளில்தான் வீரப்பனைத் தேடினார்கள். கர்நாடகம் 1990லும் தமிழ்நாடு 1993லும் அதிரடிப்படை அமைத்தன. தேடியவர்களிடம் ஒயர்லெஸ் இருந்தது. தேடப்பட்டவரோ 2000ல் நடிகர் ராஜ்குமாரை 108 நாள் பிடித்து வைத்திருந்தபோது, தன் பேச்சை கேசட்டில் பதிந்து ஆள் மூலம் அனுப்பினார்! கடைசியில் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அந்தத் தேடல் முடிந்தது.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சிறுத்தது. ஆனால் குலுக்கல் மட்டும் மாறவில்லை. லாரியும் டூவீலரும் தயாராகும் ஓசூரில் எந்த பிட்டரைக் கேட்டாலும் சொல்வார், குலுங்குகிற இடத்தில் நட்டு தானாகக் கழலும் என்று. அதனால் பெட்டியை மெல்லிய தகட்டில் தொங்கவிடாமல், உறுதியான பிராக்கெட்டில் ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்க வேண்டும். மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் போட வேண்டும். ஒயர் தகட்டு ஓட்டை வழியாகப் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் உரசி உரசி ஷார்ட் ஆகிவிடும். ஏரியலுக்கு நல்ல இடம் இரும்புக் கூரையின் நடு. விபத்தில் பெட்டி கழன்று வந்தால் அதுவே ஆளை அடித்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் சின்ன விஷயமா? ராகி அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் வருகிறது. ராத்திரியில் அதைக் காட்டுக்குத் திருப்ப வனத்துறை ஆட்கள் போகிறார்கள். கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்ற ஒரு வரி அடுத்த ஜீப்புக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் ஒரு ஒயர் கழன்றிருந்தால், நடுவில் நிற்பவனுக்கு யார் சொல்வது?

டெட்ராய்ட் ஏழு வருஷம் போராடியதும் இதே குலுக்கலோடுதான். ரேடியோ எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அதன் உயிர் அதைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் இருக்கிறது!