கோணமலைக் கடலும் பரம்பரை நினைவும்

திருக்கோணமலை நகரின் கீழ்த்திசையிலே கடலுள் நீண்டு செங்குத்தாய் நிற்கும் பாறையைச் சுவாமி மலை என்பர். கப்பல்துறை முதலிய ஊர்கள் சூழ்ந்த துறைமுகத்தை நாடிப் பல தேசத்துக் கலங்கள் வந்து போயின. வந்தவருள் பறங்கியர் செய்த வேலை ஒன்று உண்டு. 1622-ஆம் ஆண்டில், கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியின் காலத்திலே, அம்மலைமீது விளங்கிய கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டது. புத்தாண்டு நாளில் சுவாமி வீதிவலம் சென்ற வேளை, பறங்கியர் வேதியர் வேடம் பூண்டு உள்ளே புகுந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆலயத்துக் கற்களுட் சில கோட்டைச் சுவரில் ஏறின. பல கடலில் வீழ்ந்தன. கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இரட்டை மீன் சின்னம் பாண்டியரை நினைவூட்டுவது.

எனினும், அழிவு வருமுன்னரே சில திருவுருவங்களை யாரோ மண்ணுள் மறைத்தனர். மறைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. முந்நூறு ஆண்டுக்கு மேல் அவை மண்ணுள்ளே கிடந்தன. 1950-இல் நகரசபையார் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், பார்வதி, பிள்ளையார் முதலிய வெண்கல மூர்த்தங்கள் வெளிப்பட்டன. 1963-இல் ஆலயம் மீண்டும் குடமுழுக்குக் கண்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலே, 1956-இல், இலங்கையில் குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், தம் தோழர் மைக் வில்சனோடு இக்கடலுக்கு வந்தார். சுவாமி மலையடியில் மூழ்கியவர்கள் செதுக்கிய தூண்களையும் பூவேலை கொண்ட கற்களையும் கண்டனர். பழைய ஆலயத்ததெனக் கருதப்படும் இலிங்கமொன்றை வில்சன் கடலிலிருந்து மீட்க, அது கோயிலைச் சேர்ந்தது. 1957-இல் வெளிவந்த தம் நூலொன்றில் கிளார்க் இக்கடலைப் பற்றி விரிவாய் எழுதினார்.

இக் கிளார்க் வான்மண்டலக் கதைகளால் உலகறிந்தவர். அக்கதைகளுள் வழிவழி நினைவு பற்றிய வினா இருமுறை தலைகாட்டுகிறது. இலங்கைக்கு வருமுன், 1953-இல் அவர் வெளியிட்ட 'குழந்தைப் பருவத்தின் முடிவு' என்னும் பொருள்படும் நாவலிலே, வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து ஆட்சி செய்கின்றனர். ஆயினும் ஐம்பது ஆண்டுகள் தம் உருவத்தைக் காட்ட மறுக்கின்றனர். காட்டியபோது கொம்பும் சிறகும் வாலும் உடைய பேயுருவம்! பண்டு ஒருகால் அவர்கள் வந்து தீங்கிழைத்தனர் போலும், அந்நினைவே மனித குலத்தின் இரத்தத்தில் ஊறிப் பேய்க்கதையாயிற்று போலும் என்று படிப்பவர் எண்ணுவர். கதையின் விடை வேறு. அது சென்ற காலத்தின் நினைவன்று; வருங்காலத்தில் நேரவிருந்த அழிவின் எதிரொலி காலத்தைக் கடந்து பின்னோக்கி ஒலித்ததாம். அவ்வழிவு யாதெனின், மனிதரின் பிள்ளைகள் பெற்றோரை மறந்து ஒரே பேரறிவில் கலந்து விடுதல். பெற்றவர்க்கு எஞ்சுவது வெறுந் தொட்டில். கிளார்க்கின் கதைகளுள் இத்துணைக் கொடியது வேறில்லை எனலாம்.

இரண்டாவது, ஜென்ட்ரி லீ என்பவரோடு இணைந்து அவர் வெளியிட்ட 'இராமா' தொடரில் வருகிறது. (நம் இராமபிரான் பெயரே அங்கு ஒரு விண்கலத்துக்குச் சூட்டப்பட்டது.) 1991-இலும் 1993-இலும் வெளிவந்த அந்நூல்களின் எழுத்துப் பணி பெரும்பாலும் லீயினுடையதே. பறவை போன்ற ஓரினமும், எறும்பை ஒத்த இன்னோரினமும் அங்கு ஒன்றிவாழ்கின்றன. எறும்பினம் முலாம்பழம் போன்ற கனியினின்று பிறக்கிறது. முதிர்ந்தபின் அசையாத வலையாகி விடுகிறது. அவ்வலையே இனத்தின் அறிவும் நினைவும். மனிதர் படையெடுத்து அவற்றை அழிக்கும் தறுவாயில், அவற்றிடம் தங்கியிருந்த ஒரு மனிதனிடமே பறவை முட்டைகளும் கனிகளும் வலையின் ஒரு துண்டும் ஒப்படைக்கப்படுகின்றன. பிறக்கும் குஞ்சுகளை மனிதர் வளர்க்கின்றனர். முட்டை மட்டும் போதாது, நினைவின் ஒரு துண்டும் உடன்செல்ல வேண்டும் என அவ்வுயிர்கள் கருதியது நோக்கத்தக்கது. சுவாமி மலையில் மண்ணைத் தோண்டி மூர்த்தங்களை மறைத்தவரும் ஏறக்குறைய இதனையே செய்தனர். கோணமலைச் செய்தியிலிருந்து கதை பிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஒப்புமை மட்டும் உண்டு.

பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சி இக்கருத்தை எடுத்துக்கொண்டது. 1993 முதல் 1999 வரை ஓடிய ஒரு 'ஸ்டார் டிரெக்' தொடரில், டாக்ஸ் எனும் புழுவுருவான உயிர் ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு மாறி, முன்னவர் நினைவனைத்தையும் சுமந்து செல்கிறது. 1997-இல் தொடங்கிய 'ஸ்டார்கேட்' தொடரிலோ, மனித உடலுட் புகும் பாம்புருவினங்களின் அரசி தன் நினைவு முழுவதையும் குஞ்சுகளுக்கு ஊட்டி ஈனுகிறாள். குஞ்சு பிறக்கும்போதே அறிவும் ஆணவமும் உடன்பிறக்கின்றன, திருந்த வழியில்லை. முன்னோர் பகையும் முதுசமாய் வந்து சேருமென்பதை நயமாய் உணர்த்தும் கற்பனை இது.

வித்து பழையது. 1870-இல் வியன்னாவில் எவால்ட் ஹேரிங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர், நினைவென்பது உயிர்ப்பொருள் யாவற்றுக்கும் பொதுவான ஆற்றல் என்றார். இங்கிலாந்தில் சாமுவேல் பட்லர், கோழிக்குஞ்சு ஓட்டை உடைப்பது முன்னைக் குஞ்சுகள் உடைத்த நினைவினாலேயே என்னும் போக்கில் எழுதினார். ஜெர்மனியில் வைஸ்மான், எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி, வாலற்ற எலி பிறவாமையைக் காட்டினார். உடல் பெற்ற பழக்கம் வித்தில் ஏறாது என்பது அவர் துணிபு. 1962-இல் மக்கோனல் என்னும் அமெரிக்க அறிஞர், பயிற்றிய தட்டைப்புழுவைத் தின்ற புழு அதன் பயிற்சியையும் பெற்றதென அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நற்செய்தி ஏது? மற்றையோர் செய்து பார்த்தபோது முடிவு உறுதிப்படவில்லை. 2013-இல், ஒரு மணத்துக்கு அஞ்சப் பயிற்றிய எலியின் சந்ததி அம்மணத்தைக் கூர்ந்துணர்ந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்து மீண்டும் விவாதத்தைக் கிளப்பியது.

நம்மவர் அபிமன்யுவை அறிவர். அவன் சக்கர வியூகத்துள் புகும் வகையைக் கருவிலிருந்து செவியால் கேட்டான். தந்தையின் நினைவாகப் பெற்றிலன். பாதி கேட்டமையால் பாதியே அறிந்தான். அதனால் மாண்டான்.

ஒன்றியவாழ்வில் பிள்ளைகள் பெறுவது யாது என்று காண, வான்மண்டலம் வரை போகவும் வேண்டாம். நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவைச் சூழ்ந்த கடலில் முருகைக்கற்கள் உள. 2003-இல் அத்தீவு தேசிய வனமாக்கப்பட்டது. முருகை உயிரின் தசைக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து, அதற்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை அளிக்கின்றன. முருகை அவற்றுக்கு இருப்பிடம் தருகிறது. இக்கூட்டு வாழ்வு எவ்வாறு சந்ததிக்குச் செல்கிறது? போரைட்டீசு போன்ற சில இனங்களில் தாய் முட்டையிலேயே அல்காவை வைத்து அனுப்புகிறது. கிளைத்து வளரும் அக்ரோப்போரா முதலிய பெரும்பாலான இனங்களின் முட்டையிலோ ஒன்றுமில்லை. குடம்பி வெறுமையாய்க் கடலில் மிதந்து, தன் துணையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். கிடையாதாயின் இறக்கும்.

சீதனம் பெற்ற பிள்ளையே பாக்கியசாலி என்று தோன்றும். ஆனால் கடல் நீர் ஓரிரு பாகை மிகையாய்ச் சூடேறினால் அல்கா பிரிந்து முருகை வெளிறுகிறது. 1998-இல் இந்து சமுத்திரம் எங்கும் இக்கொடுமை நேர்ந்தது. தாய் தந்த துணை, தாய் வாழ்ந்த கடலுக்குப் பொருந்தியது. வெறுங்கையோடு போன குடம்பிக்கோ, மாறிவிட்ட கடலுக்கேற்ற வேறொரு அல்கா வழியில் அகப்படவுங் கூடும். இவ்விருவகைச் சந்ததியும் புறாத்தீவின் கடலில் இன்றும் அருகருகே மிதக்கின்றன.