பூனையின் காதோரத்துக் குருதித்துளி: வீட்டுப் பரிசோதனையின் ஒரு சிறு வரலாறு

நீரிழிவு என்னும் சொல்லே நோயின் முதல் அடையாளத்தைப் பெயராகக் கொண்டது. பூனையிடமும் அந்நோய் அவ்வாறே வெளிப்படுகிறது. தண்ணீர்க் கிண்ணம் விரைவில் காலியாகிறது. மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெருகுகின்றன. நன்றாகத் தின்றும் உடல் இளைக்கிறது. சில பூனைகள் பின்னங்கால்களின் குதிப்பகுதி தரையில் படிய நடக்கத் தொடங்குகின்றன. இவற்றை முதலில் காண்பவர்கள் வீட்டார். மருத்துவரிடம் பூனை வருவது அதன் பின்னரே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோயைக் காண்பது வீட்டாரிடமும் அளப்பது மருத்துவமனையிடமுமாகப் பிரிந்தே கிடந்தன. அளவீடு வீட்டுக்கு இடம்பெயர்ந்ததை வசதியின் வரலாறாகச் சொல்வது வழக்கம். பூனையைப் பொறுத்தவரை அது போதாது. மருத்துவமனையில் எடுத்த எண் பல நேரங்களில் பிழையான எண்ணாக இருந்தது என்பதே அங்குள்ள உண்மையான செய்தி.

நீரிழிவு ஆராய்ச்சியில் விலங்குக்கு இடம் கிடைத்தது நோயாளியாக அன்று, கருவியாக. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டே கணையச் சாற்றைச் சோதித்தனர். 1922 ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு ஊசி போடப்பட்டதும் அந்த வரலாறு மனிதனின் வரலாறாகிவிட்டது. பூனை அதில் நுழைந்தது மிகவும் பிந்தி. அதுவும் ஒரு விசித்திரமான வாயில் வழியாக. 1987இல் வெஸ்டர்மார்க் குழுவினர் மனிதக் கணையக் கட்டியிலும் நீரிழிவுற்ற பூனையின் கணையத் திட்டுகளிலும் படிந்திருந்த அமிலாய்டு ஒரே வகைப் புரதத்திலிருந்து தோன்றுவதைக் காட்டினர். நாயின் நீரிழிவு பெரும்பாலும் இன்சுலின் அறவே அற்றுப்போகும் வகை. பூனையுடையதோ நடுத்தர வயது மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவுக்கு நெருக்கமானது. உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகிய காரணங்கள்கூட ஒன்றே. இந்த ஒற்றுமைக்கு ஒரு நற்பயன் உண்டு: தக்க காலத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர்ந்தால், பூனை இன்சுலின் தேவைப்படாத நிலைக்கு மீளக்கூடும். இந்த மீட்சியே பின்னர் ஆபத்துக்கும் வாயிலாகிறது.

அளக்கும் கருவிகளின் வரலாறு நமக்கு ஓரளவு அறிமுகமானதே. பள்ளி ஆய்வகத்தில் நீலத்திலிருந்து செங்கல் நிறத்திற்கு மாறும் பெனடிக்ட் கரைசலைக் காணாதவர் குறைவு. 1941இல் வந்த கிளினிடெஸ்ட் மாத்திரை அதே வேதிவினையை அடுப்பில்லாமல் நிகழ்த்தியது. 1956இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்பிரட் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ், சிறுநீரில் தோய்த்தவுடன் நிறம் காட்டும் காகிதப் பட்டையாயிற்று. சிறுநீர் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையையே சொல்லும். பூனையின் சிறுநீரகம் சர்க்கரையை வெளியேவிடத் தொடங்கும் வரம்பும் மனிதரைவிட உயர்ந்தது. டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பட்டை நிறம் மாறும். அதற்குக் கீழே பூனை நலமாக இருக்கிறதா, சர்க்கரை தாழ்ந்து வலிப்பின் விளிம்பில் நிற்கிறதா என்பதைச் சிறுநீர் சொல்லாது. இரண்டுக்கும் பட்டை ஒரே நிறத்தைத்தான் காட்டும்.

குருதியை அளக்கும் ஏம்ஸ் மீட்டர் 1970ஐ ஒட்டி வெளிவந்தது. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்ட அதன் விலை ஏறக்குறைய 650 டாலர். பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவோடு வாழ்ந்த ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதை வாங்கினார். நாளுக்குப் பலமுறை தாமே அளந்து, இன்சுலினையும் உணவையும் மாற்றியமைத்தார். கண்டதை எழுதியனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சொன்னதைச் செவிமடுக்கச் செய்ய அவருக்கு வேறு வழி தென்படவில்லை. 1978இல் பிரித்தானிய மருத்துவர்கள் வீட்டு அளவீட்டின் பயனை ஆய்வாக வெளியிட்ட பின்னரே அந்நடைமுறை மதிப்புப் பெற்றது. நோயாளியால் தன் எண்ணைப் புரிந்துகொள்ள முடியுமா என்ற ஐயமே அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது. பூனை வளர்ப்போரும் இதே ஐயத்தை எதிர்கொண்டனர், முப்பதாண்டுகள் பிந்தி.

இதற்கிடையே கால்நடை மருத்துவமனைகளில் நிலவிய முறை இது: பூனையைக் காலையில் சேர்ப்பார்கள், ஓரிரு மணிக்கொருமுறை குருதி எடுத்துச் சர்க்கரை வளைகோடு வரைவார்கள், அதைப் பார்த்து இன்சுலின் அளவை முடிவு செய்வார்கள். நாய்க்கு இது பெரும்பாலும் பொருந்தியது. பூனைக்கோ பயணக் கூடை, அயல்வாசனை, பக்கத்துக் கூண்டில் குரைக்கும் நாய், காலைப் பிடித்து இழுக்கும் கை ஆகிய ஒவ்வொன்றும் சர்க்கரையை உயர்த்தும். 2002இல் ஜாக்குலின் ரேண்டும் உடன் ஆய்வாளர்களும் ஆரோக்கியமான பூனைகளைச் சில நிமிடம் நீர் தெளித்துக் குளிப்பாட்டிப் பார்த்தனர். திமிறிய பூனைகளின் குருதியில் சர்க்கரையும் நார்அட்ரினலினும் ஏறியிருந்தன. பூனையைக் குளிப்பாட்ட முயன்ற எவருக்கும் இதில் வியப்பிராது. ஆனால் அதன் விளைவு சிறியதன்று. அச்சத்தால் உயர்ந்த எண்ணை நோயால் உயர்ந்ததாகக் கருதி இன்சுலினைக் கூட்டினால், பூனை வீடு திரும்பி அமைதியுற்றதும் சர்க்கரை தாழும். நள்ளிரவில் வலிப்பு வரும்போது உடனிருப்பவர்கள் வீட்டார்தாம். அவர்களிடம் அளக்கும் கருவி இராது. கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. ஆயினும் சராசரி, பள்ளத்தை மறைத்துவிடும்.

2000ஆம் ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தின் வெஸ், ராய்ஷ் இருவரும் வெளியிட்ட கட்டுரை பார்வைக்கு எளியது: நாய், பூனை ஆகியவற்றின் காதின் உட்புறத்திலிருந்து ஒரு துளி குருதி எடுத்து, கையடக்க மீட்டரில் அளக்கலாம். நாளத்தில் ஊசி செருக வேண்டியதில்லை; மடியில் அமர்த்திக் காதை வெதுவெதுப்பாக்கிக் குத்தினால் போதும். அடுத்த சில ஆண்டுகளில் அக்குழுவினர் இதையே பூனை வளர்ப்போரின் கையில் தந்து பார்த்தனர். பெரும்பாலோர் கற்றுக்கொண்டனர். இங்கே சூரிச் குழுவின் நேர்மையையும் குறிப்பிட வேண்டும். ஒரே பூனைக்கு வீட்டிலேயே அடுத்தடுத்த நாள்களில் வரைந்த வளைகோடுகளும் ஒன்றுக்கொன்று கணிசமாக மாறுபடுகின்றன என்பதை 2007இல் வெளியிட்டவர்களும் அவர்களே. வீட்டில் எடுத்த எண்ணும் புனிதமானதன்று. கருவியிலும் சிக்கல் உண்டு: மனிதக் குருதியில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கும், பூனையில் ஏறத்தாழ முழுவதும் பிளாஸ்மாவிலேயே. ஆகவே மனிதருக்கான மீட்டர் பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

2009இல் ரூம்ப், ரேண்டு இருவரின் கட்டுரை இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். 55 பூனைகள், அவற்றுக்கு கிளார்ஜின் இன்சுலின், நாளுக்குப் பலமுறை அளந்தவர்கள் வீட்டார். 64 விழுக்காட்டுப் பூனைகள் இன்சுலின் தேவையற்ற நிலைக்கு மீண்டன. நோய் கண்ட ஆறு மாதத்துக்குள் இம்முறையைத் தொடங்கியவற்றில் அது 84 விழுக்காடு. பிந்தித் தொடங்கியவற்றில் 35. வீட்டு அளவீட்டை ஏற்றுக்கொண்ட, விடாமுயற்சியுள்ளவர்களின் பூனைகள் இவை என்பதால் இவ்விழுக்காடுகளை எல்லாப் பூனைகளுக்கும் நீட்டுவது பிழை. ஆனால் மீட்சி இவ்வளவு இயல்பானதென்றால், அளக்காமல் இன்சுலின் போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. தேறிவரும் பூனைக்குப் பழைய அளவே தொடர்ந்தால் அந்த மருந்தே அதைக் கொல்லும்.

மருத்துவரின் இடம் இதனால் சுருங்கிவிட்டதா? கருவி எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இன்சுலினைக் கூட்டியும் சர்க்கரை இறங்காத பூனையிடம் பல்நோயோ சிறுநீர்த் தொற்றோ மறைந்திருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் மிகைச் சுரப்பும் இருக்கலாம். 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் நீரிழிவுற்ற பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம் அதற்கான குருதி அடையாளம் காணப்பட்டது. இதை வீட்டுக் கூடத்தில் எவரும் கண்டறிய முடியாது. வீட்டார் எழுதிக் கொணரும் குறிப்பேட்டைப் படிப்பவராக, அதில் பொருந்தாததைச் சுட்டுபவராக மருத்துவரின் பணி மாறியது. பழைய பணியைவிட இது கடினமானது என்றே தோன்றுகிறது.

இந்தியச் சூழலில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மேலை நாடுகள் பலவற்றில் மனித இன்சுலின் மில்லிலிட்டருக்கு 100 அலகு என்ற ஒரே செறிவுக்கு மாறிவிட்டது. 40 அலகுச் செறிவு விலங்கு மருந்துகளில் மட்டுமே எஞ்சியது. இந்தியாவிலோ மனிதருக்கான குப்பிகளே இன்றும் பரவலாக 40 அலகுச் செறிவில் கிடைக்கின்றன. அதற்கான சிவப்பு மூடி ஊசிக்குழல் தெருமுனை மருந்துக் கடையிலும் கிடைக்கும். கிளார்ஜினோ 100 அலகு. அதைச் சிவப்பு மூடிக் குழலில் ஒரு கோடு அளவு எடுத்தால் உள்ளே செல்வது இரண்டரை அலகு. ஒரு அலகில் மருத்துவம் தொடங்கும் நான்கு கிலோ பூனைக்கு இது எழுத்துப்பிழையளவு சிறிய தவறன்று. மனித நோயாளிக்கு வாங்கிய குழலும் பூனைக்கு எழுதிய மருந்தும் ஒரே குளிர்ப்பெட்டியில் அருகருகே இருக்கும் வீடுகளில் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது குழலின் மூடி நிறத்தையே.

2022 டிசம்பரில் அமெரிக்காவில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், அடுத்த ஆண்டு வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கும் அனுமதி கிடைத்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள் இவை, ஊசி வேண்டியதில்லை. முன்பே இன்சுலின் பெற்ற பூனைகளுக்கு முதலாவது மருந்து உரியதன்று. உடலில் போதிய இன்சுலின் இல்லாத பூனைக்கு இவற்றைத் தந்தால் குருதிச் சர்க்கரை இயல்பாகவே இருக்க, உள்ளே கீட்டோன் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். இருபதாண்டுகளாக வீட்டார் படிக்கக் கற்ற அந்த எண் இங்கே நலமென்றே காட்டும். ஆகவே அவர்கள் மறுபடி மணல் தட்டருகே சிறுநீர்ப் பட்டையுடன் காத்திருக்கிறார்கள். இம்முறை தேடுவது சர்க்கரையை அன்று, கீட்டோனை. கூடவே, பூனை காலை உணவைத் தின்றதா என்பதையும் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.