படி தாண்டலாமா?



ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் உடல்வித்தையைப் பழகும் சிறுமி ஒருத்தி, தன் நிலைக்குரிய போட்டியில் தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணைப் பெற்றுவிடுகிறாள். அவளை உடனே அடுத்த நிலைக்கு உயர்த்தலாமா? அன்றி, அதே நிலையில் இன்னும் ஓராண்டு பழக்கலாமா? இதுவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வித்தையைப் பத்து நிலைகளாக வகுத்திருக்கிறார்கள். முதல் ஐந்து நிலைகளில் எல்லாரும் வகுத்துத் தந்த ஒரே பயிற்சிகளைச் செய்யவேண்டும். ஆறாம் நிலை முதல், விதிகளுக்கு உட்பட்டு, அவரவர் தமக்கேற்ற பயிற்சியை அமைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் வாயிலைத் திறக்கிறதேயொழிய, உட்புகும் நாளைக் குறிப்பதில்லை. ஆகவே பெற்றோரும் பயிற்சியாளரும் ஆண்டுதோறும் இவ்வினாவை எதிர்கொள்கிறார்கள். வகுப்பு உயர்வு பற்றிப் பெற்றோருடன் பல்லாண்டு பேசிய எனக்கு இது புதிய வினா அன்று. வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

இவ்வித்தைக்குப் படிமுறை அமைத்தவர்கள் ஆசிரியர்களே. ஜெர்மனியில் ஷ்னெப்ஃபென்டால் பள்ளியின் ஆசிரியர் குட்ஸ்மூட்ஸ், இளைஞரின் உடற்பயிற்சி பற்றி 1793இல் ஒரு நூல் வெளியிட்டார். 1811இல் யான் என்பவர் பெர்லின் நகரை அடுத்த ஹாசன்ஹைடேயில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றைத் தொடங்கினார். 1840களில் ஷ்பீஸ் என்னும் ஆசிரியர், பயிற்சிகளை மாணவரின் வயதுக்கேற்பப் பிரித்துப் பள்ளிப் பாடமாக்கினார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற விதியும் இதுவே.

இனி, 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுக்கு வருவோம். ருமேனியா நாட்டைச் சேர்ந்த நாடியா கொமனச்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, உயரம் வேறுபட்ட இரு கம்பிகளில் தன் வித்தையைச் செய்து முடித்தாள். மதிப்பெண் பலகையில் 1.00 என்று தெரிந்தது. முழு மதிப்பெண்ணாகிய பத்தைக் காட்ட அப்பலகையில் இடமில்லை! ஒலிம்பிக் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் பெறப்பட்ட முதல் பத்து அதுதான். இதை அனைவரும் அறிவர். பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பத்து, புதுமை காட்டும் விருப்பப் பயிற்சிக்குக் கிடைத்ததன்று. எல்லா வீராங்கனைகளும் மாற்றமின்றிச் செய்யவேண்டிய கட்டாயப் பயிற்சிக்குக் கிடைத்தது. எல்லாரும் செய்த அதே அசைவுகளைக் குறையின்றிச் செய்தமையே அவள் பெருமை. ஒன்றையே திரும்பத் திரும்பப் பழகுவதை வீண் என்போர் இதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

அவசரத்தின் விளைவுக்கும் வரலாற்றில் சான்று உண்டு. சோவியத் நாட்டின் எலேனா முகினா 1978இல் உலகச் சாம்பியன் ஆனவர். 1979இல் அவருக்குக் கால் முறிந்தது. அது நன்கு தேறுமுன்பே அவரைக் கடும் பயிற்சிக்கு உட்படுத்தினார்கள். காற்றில் சுழன்று புரண்டு, தரையில் உருண்டு முடியவேண்டிய ஆபத்தான வித்தை ஒன்றை அவர் பழகிவந்தார். மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருந்த 1980 ஜூலையில், மின்ஸ்க் நகரில் அவ்வித்தையைப் பழகுகையில் விழுந்து கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. கை கால் செயலிழந்த நிலையில் வாழ்ந்து 2006இல் மறைந்தார். அவர் தொடக்க நிலைச் சிறுமியல்லர், உலகச் சாம்பியன். அவருக்கே உடல் ஆயத்தமாகாத நிலையில் இந்தக் கதி நேர்ந்ததென்றால், எலும்பு முற்றாத குழந்தைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பின்னர் விதிகள் மாறின. பெரிய போட்டிகளில் பெண்கள் கலந்துகொள்ளும் குறைந்த வயது 1981இல் பதினைந்தாகவும், 1997இல் பதினாறாகவும் உயர்த்தப்பட்டது. எனினும் வேறு மாற்றங்களும் நேர்ந்தன. 1996க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கட்டாயப் பயிற்சிகள் கைவிடப்பட்டன. 2006 முதல் வித்தையின் கடினத்துக்கு மேல்வரம்பற்ற மதிப்பெண் வழங்கலாயினர். ஆகவே அரிய வித்தைகளை விரைவில் கற்கவேண்டும் என்ற ஆசை இன்றும் வலிமையாக இருக்கிறது.

அப்படியானால் எல்லாரையும் நிறுத்திவைப்பதே நன்றா? அதுவும் அன்று. தன் நிலையில் எல்லாம் கைவந்த குழந்தையை, எளிதில் பதக்கம் கிடைக்கும் என்பதற்காக அங்கேயே வைத்திருப்போர் உண்டு. அது அவளுக்கும் நன்மையன்று. அவளோடு போட்டியிடும் புதிய குழந்தைகளுக்கும் நியாயமன்று. வளரத் தக்க செடியைத் தொட்டியிலேயே வைத்திருப்பது போன்றது அது.

எனவே நாம் கேட்கவேண்டியது, மதிப்பெண் எவ்வளவு என்பதன்று. பயிற்சியைப் பத்து முறை செய்யச் சொன்னால் பத்து முறையும் ஒழுங்காகச் செய்கிறாளா? வலிமையும் வளைவும் அடுத்த நிலைக்குப் போதுமா? வலியை மறைக்கிறாளா? அச்சத்துடன் செய்கிறாளா, தெளிவுடன் செய்கிறாளா? இவற்றுக்கு விடை கண்ட பிறகு, அந்தக் குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யவேண்டும். நிறுத்துவதாயின், இன்ன குறையைத் தீர்க்கவே நிறுத்துகிறோம் என்று அவளுக்கு விளங்கச் சொல்லவேண்டும். காரணம் தெரியாமல் பின்தங்கும் குழந்தை, அதைத் தண்டனையாகவே கருதும்.

காலம் போய்விடுமே என்று அஞ்சவேண்டியதில்லை. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 1992இல் பார்சிலோனாவில் தொடங்கி, 2021இல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. நம் நாட்டின் தீபா கர்மாகர் 2016இல் ரியோ நகரில், மிகக் கடினமான தாவல் வித்தையைச் செய்து நான்காம் இடம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஓராண்டு கூடுதலாகப் பழகியதால் எவருடைய வாய்ப்பும் அழிந்துவிடாது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கம்பியில் ஆடாதவர்களாக இருக்கலாம். கணக்கிலோ இசையிலோ நீங்களும் ஏதேனும் ஒரு படியில் நிற்கிறீர்கள். உங்கள் ஆசிரியர், "இன்னும் ஒருமுறை" என்று சொன்னால் முகம் வாடாதீர்கள். எதற்காக என்று பணிவுடன் கேளுங்கள். விடை அறிந்தபின் மனம் ஒன்றிப் பழகுங்கள்.