உறுமும் பெட்டியின் கதை

சென்ற காலாண்டு இதழ் வெளிவந்த அதே வாரத்தில் அசோசியேஷனின் புகார்ப் பதிவேட்டில் என் வீட்டு எண் ஏறியது. பதினோரு வருடமாக இங்கே குடியிருக்கிறேன். மெயின்டெனன்ஸ் தொகையை ஒரு மாதம்கூடத் தாமதித்ததில்லை, வண்டியை அடுத்தவர் இடத்தில் நிறுத்தியதில்லை. பதிவேட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இரவில் மேல் வீட்டில் ஏதோ உறுமுகிறது. கட்டில் அதிர்கிறது." அந்த 'ஏதோ' என்பது என் சப்வூஃபர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. செல்போனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, வழக்கமான சத்தத்தில் படத்தை ஓடவிட்டு, வீட்டு வாசலில் நின்று அளந்தேன். 42 காட்டியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஆக, நான் வரம்புக்குள் இருக்கிறேன்! ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமிட்டிக்கு அனுப்பினேன். கீழ் வீட்டு சார் பதிலே சொல்லவில்லை. மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

சட்டப்படி சரியான அந்த எண்ணுக்கும், ஒரு மனிதர் தூங்காமல் கிடந்ததற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடப்போய், இந்தப் பெட்டியின் வரலாறு முழுவதையும் படிக்கும்படி ஆயிற்று. "அதையே நியூஸ்லெட்டருக்கு எழுதிக் கொடுங்களேன்" என்றார் செயலாளர்.

மிருதங்கத்தின் இடப்பக்கத்து முழக்கம், தெருவில் நிற்கும் லாரி எஞ்சினின் உறுமல், தூரத்து இடி. இவையெல்லாம் தாழ்ந்த ஒலிகள். இவற்றை வீட்டுக்குள் வரவைப்பது ஆரம்பத்திலிருந்தே கஷ்டமான காரியம். 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 17 மீட்டர் நீளம். நம் பிளாக்கின் அகலமே அவ்வளவு இருக்குமா தெரியவில்லை. அவ்வளவு பெரிய அலையை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதனால் 1940களில் நல்ல தாழ்ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேண்டும். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்ற எஞ்சினியர் செய்த ஸ்பீக்கரை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். இரண்டு சுவர்களும் சேர்ந்து அதன் கொம்புக்குழலாக வேலை செய்யும். சுருக்கமாகச் சொன்னால், வீடே ஸ்பீக்கரின் பாகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெட்டியைச் சுருக்கியவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அதுவரை ஸ்பீக்கரின் கூம்பை அதன் ஓரத்து விறைப்பான மடிப்பே ஸ்பிரிங் போல இழுத்துப் பிடித்தது. கூம்பு அதிகம் ஆடினால் அந்த ஸ்பிரிங் ஒழுங்காக நடந்துகொள்ளாது, ஒலி சிதையும். வில்ச்சர் கூம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். உள்ளே சிக்கிய காற்றே ஸ்பிரிங். அந்த மடிப்பைவிட அது ஒழுங்கானது. ஏற்கெனவே தொழிலில் இருந்த கம்பெனிகள் இந்த யோசனையை வாங்க மறுத்ததால், தன் மாணவர் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து அவரே கம்பெனி தொடங்கினார். 1954இல் ஏஆர்-1 வந்தது. புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து பீரோவின் ஒலி!

வில்ச்சரிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒலி ஆர்வலர்களின் வாய்ச்சண்டையை அவர் மேடையில் வைத்தே தீர்க்கப் பார்த்தார். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு மேடையில் வாசிக்கும். நடுவில் அவர்கள் வில்லை நரம்பில் படாமல் அசைத்துக்கொண்டே இருக்க, முன்பே பதிவு செய்த இசை ஸ்பீக்கரில் தொடரும். எங்கே மாறியது என்று கேட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியவில்லை. 1967இல் கம்பெனியை விற்றுவிட்டு, காது கேட்கும் கருவிகளை மேம்படுத்துவதில் இறங்கினார். அதில் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை வாங்காமல், எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று நம் பெரியவர்கள் காதில் இருக்கும் கருவிகளில் அந்த யோசனையின் வழித்தோன்றல்கள் இருக்கின்றன.

கிளாஸ் பிறகு தொடங்கிய கே.எல்.எச். கம்பெனியில் 'எச்' என்பது ஆன்டன் ஹாஃப்மன். இவர் பெயரால் ஓர் இரும்பு விதி உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். அதே சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமென்றால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 70களிலும் இதற்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை கைப்பக்குவமாக இருந்த பெட்டி செய்யும் வேலை அதன் பிறகு கால்குலேட்டர் வேலை ஆனது.

இனி சினிமாவுக்கு வருவோம். 1974 நவம்பரில் யுனிவர்சல் கம்பெனி 'எர்த்க்வேக்' படத்தை வெளியிட்டது. பூகம்பத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, உட்கார்ந்திருப்பவர் உணர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 'சென்சரவுண்ட்' என்று பெயரிட்டு, செர்வின்-வேகா செய்த ராட்சத ஸ்பீக்கர்களைத் தியேட்டர்களுக்கு வாடகைக்கு அனுப்பினார்கள். உறுமல் படச்சுருளில் பதிவாகி இருக்காது. சுருளில் இருந்த சங்கேத ஒலி, தியேட்டரில் வைத்த கருவியை உசுப்பிவிடும், அது உறுமும். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு பார்வையாளர் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று வலை கட்ட வேண்டியிருந்தது. வேறு இடங்களில், ஒட்டிய அரங்கில் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்தவர்களுக்குப் பக்கத்து பூகம்பம் கேட்டது. புகார்கள் குவிந்தன. படத்துக்குச் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதன் பின் நான்கைந்து வருடத்தில் சென்சரவுண்ட் வழக்கொழிந்தது. அமெரிக்காவில் பல திரைகள் கொண்ட அரங்குகள் பெருகிய காலம் அது. சுவரைத் தாண்டிப் போகும் ஒலிக்கு அங்கே இடமில்லை. நம் புகார்ப் பதிவேட்டின் முன்னோடி அங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் தனிப் பெட்டியாக இது நுழைந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். 1973 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிக்கருவித் தொழிலில் இருந்த கென் கிரைசலிடம், ஸ்டீலி டேன் இசைக்குழுவின் வால்டர் பெக்கர் ஒரு சப்வூஃபர் கேட்டார். அடுத்த ஆல்பத்தின் கலவை வேலைக்கு. பிறகு டாம்லின்சன் ஹோல்மன் தன் டிஎச்எக்ஸ் முறைக்கு 80 ஹெர்ட்ஸை எல்லையாக வைத்தார். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, ஆகவே பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது கணக்கு. 1990களின் பிற்பாதியில் டிவிடி வந்து, பெட்டியின் மேல் '5.1' என்று அச்சானது. அந்த '.1' தான் நம் பெட்டி. 1996இல் பாப் கார்வர் 11 அங்குலக் கனசதுரத்துக்குள் 2,700 வாட் ஆம்ப்ளிஃபயரை அடைத்து விற்றார். ஹாஃப்மனை அவர் ஏமாற்றிவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். இல்லை, மூன்றில் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்திலிருந்து ஆர்வலர்களின் கட்சிகள் ஆரம்பம். மூடிய பெட்டியா, துளை போட்ட பெட்டியா? சங்கீதத்துக்கு ஒன்று, சினிமாவுக்கு இன்னொன்று என்று ஒரு கட்சி. 12 அங்குலமா 15 அங்குலமா என்று ஒரு கட்சி. நானும் வருடக்கணக்காக இந்தச் சண்டைகளைப் போட்டவன்தான். ஹார்மன் ஆய்வுக்கூடத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு, நாங்கள் சண்டை போட்டதில் பாதி வீண் என்று புரிந்தது. எந்தப் பெட்டி என்பதைவிட, எந்த அறையில் எங்கே வைத்தோம், எங்கே உட்கார்ந்தோம் என்பதுதான் பெரிது.

நம் ஹால் சுமார் 18 அடி நீளம். அந்த நீளத்துக்கு 31 ஹெர்ட்ஸ் ஒலி பொருந்தி உட்காரும். ஊதிய புல்லாங்குழலைப் போல அறையே பாடும். பெட்டி மூலையில் இருந்தால் இன்னும் பலமாகப் பாடும். ஆனால் அந்த ஒலிக்கு அறையின் நடுவில் அழுத்தமே இருக்காது, சுவரோரங்களில் உச்சமாக இருக்கும். என் சோபா இருந்தது அறையின் நடுவில். "என்னடா, போதவில்லையே" என்று நான் திருகித் திருகி ஏற்றியதெல்லாம் சுவர்களுக்கும் தரைக்கும்தான் போயிருக்கிறது. கீழ் வீட்டு ஹாலும் அதே 18 அடி. பில்டர் எல்லா மாடிக்கும் ஒரே பிளான்தானே போட்டார்! ஆகவே அந்த அறையும் அதே சுருதியில் பாடத் தயாராக இருக்கிறது. சாருக்கு முதுகுவலி, ஹாலில் சுவரோரம் கட்டில் போட்டுப் படுப்பவர். எனக்குக் கேட்காத இடம் என் சோபா, அவருக்கு அதிகம் கேட்கும் இடம் அவர் தலையணை.

அப்படியானால் அந்த 42? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் மனிதக் காது எந்த ஒலியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று வரைந்தார்கள். மெல்லிய சத்தத்தில் தாழ்ஒலி நமக்கு நன்றாகக் கேட்பதில்லை. அதைப் பின்பற்றி 1930களிலேயே ஒலிமானிகளில் 'ஏ' என்ற வடிகட்டி வந்தது. நம் விதியில் உள்ள 45ம் 'ஏ' டெசிபல்தான். இந்த வடிகட்டி 31 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சுமார் 39 டெசிபலைக் கழித்துவிடும். அதாவது, கட்டிலை அதிரவைக்கும் 80 டெசிபல் உறுமலை மீட்டர் 41 என்று எழுதும். பேச்சுச் சத்தத்தை, ஹாரனை அளக்க இது நியாயமான அளவுகோல். என் பெட்டியை அளக்க அல்ல. போதாததற்கு, செல்போன் மைக்குகள் பலவும் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிப்பதே இல்லை. நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் பொய் அல்ல. ஆனால் அதைக் காட்டி வாதாடியது தப்பு.

இதை எனக்குப் பிடிபட வைத்தது கீழ் வீட்டுத் தம்பி. எஞ்சினியரிங் படிக்கிறான், கிராபிக்ஸ் கார்டு பைத்தியம். "அங்கிள், எங்க ஆளுங்ககிட்ட 'நல்லா இருக்கு'ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, நம்பர் கேப்பாங்க. நம்பர் சொன்னா, எப்படி எடுத்தேன்னு கேப்பாங்க" என்றான். அவர்கள் உலகத்துக்கும் அதற்கான வரலாறு இருக்கிறது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வந்தபோது அதற்குச் சாதாரணப் படம் காட்டவே தெரியாது. பழைய கார்டையும் வைத்துக்கொண்டு வெளியே ஒரு ஒயரால் இணைக்க வேண்டும். இரண்டே வருடத்தில் வூடூ2 கார்டுகள் இரண்டைச் சேர்த்துப் பூட்டும் பித்து. 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கே விற்கும் நிலைக்கு வந்தது.

தம்பி கண்ணில் மின்னலோடு சொன்ன கதை 2001இல் நடந்தது. ஏடிஐயின் ரேடியான் 8500 கார்டு 'குவேக்' விளையாட்டில் வேகமாக ஓடியது. யாரோ சந்தேகப்பட்டு, விளையாட்டின் பெயரில் உள்ள 'குவேக்' என்பதை 'குவாக்' என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படம் தெளிவானது! அந்தப் பெயரைக் கண்டால் மட்டும் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும்படி மென்பொருளில் எழுதியிருந்தார்கள். எண் உண்மை, அளந்த விதத்தில்தான் ஓட்டை. 2003இல் கடைக்கு வந்த என்விடியாவின் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டுக்கு வந்தது வேறு வகை அவமானம். அதன் மின்விசிறிச் சத்தத்தை வேகுவம் கிளீனரோடு ஒப்பிட்டு எல்லோரும் சிரிக்க, கம்பெனிக்காரர்களே கார்டை இலை ஊதும் இயந்திரமாகக் காட்டித் தங்களையே கேலி செய்து ஒரு வீடியோ எடுத்தார்கள். புகாரை இப்படியும் எதிர்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவன் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு நல்ல ஒலிமானியை இரவல் வாங்கி வந்தான். தாழ்ஒலியை அதிகம் கழிக்காத 'சி' என்ற அமைப்பில் வைத்து அவன் கீழே கட்டிலருகில் நிற்க, நான் மேலே பெட்டியை நகர்த்த, நடுவில் போன் லைனில் சார். ரப்பர் பாய் போட்டுப் பார்த்தோம். பெரிய வித்தியாசமில்லை, எங்கள் வீட்டில் காற்று வழியாகத்தான் அதிகம் இறங்குகிறது போலும். பெட்டியை மூலையிலிருந்து எடுத்து நீளச் சுவரின் நடுவில் வைத்தபோது கீழே 9 டெசிபல் இறங்கியது. அறை பாடும் ஒலியை, அது பாடாத இடத்திலிருந்து தூண்டினால் அவ்வளவாக எழும்பாது. சோபாவைப் பின்சுவருக்குத் தள்ளினேன். எனக்கும் நன்றாகக் கேட்டது, ஒலியைக் குறைத்தேன். 31 ஹெர்ட்ஸை ஆம்ப்ளிஃபயரிலேயே இன்னும் கொஞ்சம் வெட்டினோம். "இப்ப ஓடுதா?" என்று சார் போனில் கேட்டபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப்வூஃபர்கள் வைத்தால் இன்னும் சீராக இருக்கும் என்கிறது வெல்டியின் கட்டுரை. இதை வீட்டில் சொன்னேன். "ஒன்றுக்கே பதிவேட்டில் பேர் வந்தாச்சு" என்று பதில் வந்தது. இரவு 10 மணிக்கு மேல் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறேன். ஒலிமானி இன்னும் இரண்டு வாரம் தம்பியிடம் இருக்கும். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களும், அவர்களுக்குக் கீழே குடியிருப்பவர்களும் சேர்ந்து வந்தால் அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். தேர்வு நெருங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் கூப்பிடுங்கள்.