லப்பம் முதல் அக்ரிலிக் வரை: மீன் காட்சியகத் தொட்டிகளிலும் விலங்கியல் பூங்கா நீர்நிலைகளிலும் கசிவுத் தடுப்பின் வளர்ச்சி

மீன் காட்சியகங்களின் வரலாறு பொதுவாகக் கண்ணாடியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை எழுந்தது. 1853-இல் ரீஜண்ட்ஸ் பூங்கா விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்த வரிசை பிழையானதன்று, ஆயினும் குறையுடையது. கண்ணாடித் தகட்டை ஊடுருவி நீர் வெளியேறுவதில்லை. தகடும் தகடும், தகடும் சட்டமும், சுவரும் தரையும் சந்திக்கும் இடங்களில்தான் அது வழி தேடுகிறது. எனவே ஒவ்வொரு காலத்திலும் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது கண்ணாடியைவிட அந்தச் சந்திப்பை அடைத்த பொருளே என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது. அடைப்புப் பொருளுக்கு மற்றொரு நிபந்தனையும் இருந்தது. குடிநீர்த் தொட்டியோ கப்பலோ ஒழுகாதிருந்தால் போதும். மீன் தொட்டியிலோ ஒழுகலைத் தடுக்கும் பொருள் தானே நஞ்சாகிவிடாமலும் இருக்க வேண்டும்.

1850-இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், நீர்த்தாவரம் வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டே மீன்கள் வாழும் சமநிலைத் தொட்டியைப் பற்றி அறிவித்தார். அதையடுத்து இயற்கையியலாளர் ஃபிலிப் ஹென்றி காஸ் கடல்நீர்த் தொட்டிகளைப் பரப்பி, 1854-இல் வெளியிட்ட நூலின் மூலம் அவற்றை நடுத்தர வர்க்க வீடுகளின் மோகமாகவே ஆக்கினார். அக்காலத் தொட்டி பெரும்பாலும் சிலேட்டுக் கல்லாலான அடித்தளமும் இரும்பு அல்லது மரச் சட்டமும் கொண்டது. சட்டத்தின் உட்பள்ளத்தில் கண்ணாடியைப் பொருத்தி, இடைவெளியை லப்பத்தால் அடைத்தனர். சன்னல் கண்ணாடிக்கு இடும் அதே லப்பம், அதாவது சுண்ணக்கட்டிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த கலவையே அது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும் இயல்புடையது. ஆனால் அந்த இறுக்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல லப்பம் வறண்டு நொறுங்குகிறது. வெப்பம் ஏறி இறங்கும்போது இரும்பும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், நெகிழ்வற்ற லப்பத்தில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றில் புகும் உப்புநீர் இரும்பைத் துருவாக்க, துரு பருத்துக் கண்ணாடியை நெருக்க, ஒரு மூலையில் தொடங்கிய ஈரம் சட்டம் முழுவதும் பரவுகிறது.

இக்குறையை நீக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில்நுட்பக் கையேடுகள் மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்ன கலவை ஒன்று உண்டு. சித்த மருத்துவத்தில் மிருதாரசிங்கி எனப்படும் ஈய ஆக்சைடு, பாரிஸ் சாந்து, நுண்ணிய வெள்ளை மணல் ஆகிய மூன்றையும் சம அளவிலும், பைன் மரப் பிசின் பொடியை அதில் மூன்றிலொரு பங்கும் எடுத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் பிசைவது அது. ஈய ஆக்சைடு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத ஈயச் சோப்பாக மாறுவதே இதன் பலம். நீருக்கடியிலும் இக்கலவை இறுகி நிற்கும். கலந்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். தொட்டியில் நீர் விடும் முன் சில நாள் உலரவும் விட வேண்டும். ஈயம் உயிர்களுக்குக் கேடு என்பது தெரிந்தே இருந்ததால், உட்புற விளிம்புகளில் அரக்கு மெழுகு பூசுவதும், புதுத் தொட்டியில் பல முறை நீர் மாற்றி ஊறவைத்த பின்னரே மீன் விடுவதும் வழக்கமாயின. 1842-இல் ஆல்ஃபிரட் ஜெஃப்ரி காப்புரிமை பெற்ற கடற்பசை மற்றொரு வழியைக் காட்டியது. ரப்பரை நாஃப்தாவில் கரைத்து அரக்கோடு உருக்கிய அந்தப் பசை, மரக்கலங்களின் பலகை இடுக்குகளுக்காக உருவானது. சூடாக ஊற்ற வேண்டியதாயினும் ஓரளவு நெகிழ்வுடையது. நெகிழும் அடைப்பே நிலைக்கும் என்ற உண்மை அப்போதே கைக்கெட்டியிருந்தது. அது தொட்டித் தொழிலின் பொது விதியாக மாற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வீட்டுத் தொட்டியிலிருந்து பொதுக் காட்சியகத்துக்கு நகர்ந்தபோது நீரின் அழுத்தமே முதல் சிக்கலாயிற்று. நீரழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய ஒரு டன் பளு அழுத்துகிறது. அதனால்தான் அக்காலப் பெருந்தொட்டிகள் நீளத்தில் வளர்ந்த அளவுக்கு ஆழத்தில் வளரவில்லை. யூஜீனியஸ் பர்ச் வடிவமைத்து 1872-இல் திறக்கப்பட்ட பிரைட்டன் காட்சியகத்தின் முதன்மைத் தொட்டி 1,10,000 காலன், அதாவது சுமார் 5 லட்சம் லிட்டர் நீர் கொண்டது. ஆயினும் அது நூறு அடிக்கு மேல் நீண்ட ஒரு தாழ்வாரம் போன்றே அமைந்தது. இத்துறையில் தனித்துக் குறிப்பிட வேண்டியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். லண்டனில் மீன் தொட்டி வணிகராகத் தொடங்கி, ஹாம்பர்க் (1864), கண்ணாடி மாளிகை (1871), நேப்பிள்ஸ் (1874) காட்சியகங்களின் நீரமைப்பை உருவாக்கியவர் இவர். காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய, இருண்ட நிலவறைத் தேக்கம் ஒன்றைக் கட்டி, நீரை இடைவிடாது சுழலவிடுவது அவர் முறை. குழாயிலும் பம்பிலும் உலோகம் நீரைத் தொடக் கூடாதென்று கெட்டிப்படுத்திய ரப்பரைப் பயன்படுத்தியதில், கசிவைத் தடுக்கும் பொருளும் உயிருக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்ற கொள்கை முதன்முறையாக ஒரு கட்டடம் முழுமைக்கும் விரிவதைக் காணலாம்.

கசிவின் விலை இடத்துக்கு இடம் வேறுபட்டது என்பதையும் கருத வேண்டும். 1909-இல் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் சென்னை மெரினாவில் அமைந்த மீன் காட்சியகத்தைப் போலக் கடலை ஒட்டியிருந்தவற்றுக்கு ஒழுகிய நீரை ஈடுசெய்வது எளிது. உள்நாட்டு நகரங்களின் நிலை அவ்வாறன்று. 1930-இல் திறந்த சிகாகோவின் ஷெட் காட்சியகத்துக்கு ஃபுளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து ரயில் தொட்டி வண்டிகளில் கடல்நீர் சென்றது. அத்தகைய இடத்தில் ஒவ்வொரு வாளிக் கசிவும் கணக்கில் ஏறும் செலவாகும்.

விலங்கியல் பூங்காக்களின் குளங்களும் அகழிகளும் வேறொரு மரபிலிருந்து வந்தவை. ஆங்கிலேயக் கால்வாய்களைப் போல, ஈரக் களிமண்ணை மிதித்துப் பிசைந்து அடுக்காக இடுவதே பழைய முறை. நீர்ப்பறவைகளுக்கு அது போதும், தோண்டிப் பிறாண்டும் விலங்குகளுக்குப் போதாது. இரும்புவலை பொதிந்த சிமென்ட் தொட்டிக்கு 1867-இல் காப்புரிமை பெற்ற ஜோசப் மோனியே ஒரு தோட்டக்காரர் என்பதும், அவர் முதலில் செய்தவை செடித் தொட்டிகளே என்பதும் இங்குப் பொருந்தும் செய்தி. 1907-இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெலிங்கனில் கார்ல் ஹாகன்பெக் திறந்த பூங்கா, கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளையும் சிமென்ட் பாறைகளையும் வைத்தது. அதன்பின் சிமென்ட் வேலை விலங்கியல் பூங்காவின் இன்றியமையாத தொழிலாயிற்று. அதே 1907-இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த கார்ல் ஏக்லி, உதிர்ந்துகொண்டிருந்த கட்டடத்தின் வெளிச்சுவரைச் சீரமைக்க, காற்றழுத்தத்தால் சிமென்ட்டையும் மணலையும் குழாயில் செலுத்தி, முனையில் நீர் கலந்து பீய்ச்சும் கருவியை அமைத்தார். 1911-இல் காப்புரிமை பெற்ற அந்தச் சிமென்ட் துப்பாக்கியின் வழித்தோன்றல்களே இன்று நீச்சல் குளங்களையும் செயற்கைப் பாறைக் குளங்களையும் மூட்டில்லாத ஒரே ஓடாக வார்க்கின்றன. விலங்கைப் பாடம் செய்தவரிடமிருந்து உயிருள்ள விலங்கின் குளத்துக்கு ஒரு கருவி வந்து சேர்ந்தது தற்செயலே. ஆனால் மூட்டுகளைக் குறைப்பதே கசிவைக் குறைப்பது என்ற வகையில் அது பெரும் முன்னேற்றம்.

கான்கிரீட் தன்னளவில் நீர் புகாப் பொருளன்று. அதன் நுண்துளைகள் வழியே உட்புகும் கடல்நீரின் குளோரைடு கம்பியை அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துச் சுவரைப் பிளக்கிறது. வெடிப்பே இல்லாத கான்கிரீட்டை எதிர்பார்ப்பதும் வீண். 1987-இல் வெளியான பிரிட்டிஷ் நீர்த்தேக்கக் கட்டுமான விதிகள் 0.2 மில்லிமீட்டர் வரையிலான வெடிப்பை வடிவமைப்பில் ஏற்றுக்கொண்டன. அத்தகைய நுண் வெடிப்புகள் சுண்ணாம்புப் படிவால் தாமாகவே அடைபடுவது உண்டு. வார்ப்பு நிறுத்தித் தொடங்கும் மூட்டுகளில் வாட்டர் ஸ்டாப் எனப்படும் பிளாஸ்டிக் பட்டையைப் பதிப்பதும், உட்புறத்தில் எபாக்ஸி, கண்ணாடியிழை, பாலியூரித்தேன் பூச்சுகளை இடுவதும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைபெற்றன. இப்பூச்சுகள் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மை ஏறுவதையும் தடுக்கின்றன. மேற்பரப்பு விலங்கின் உடலுக்கும் இசைய வேண்டும் என்பதற்கு லண்டன் பெங்குவின் குளம் சான்றாகிறது. 1934-இல் பெர்தோல்ட் லுபெட்கின் வடிவமைக்க, பொறியாளர் ஓவ் அரப் கணக்கிட்ட அதன் சுருள் சாய்தளங்கள் நவீனக் கட்டடக்கலையின் சாதனையாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கடினத் தரை பாதங்களைப் புண்படுத்தியதாகச் சொல்லப்பட்ட நிலையில், பெங்குவின்கள் 2004-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன.

சிறு தொட்டிகளின் உண்மையான திருப்பம் சிலிகோன் பசையால் நேர்ந்தது. சிலிகான், ஆக்சிஜன் அணுக்கள் மாறிமாறி அமைந்த சங்கிலியாலான இப்பொருளைப் பெருமளவில் ஆக்கும் வழியை 1940-இல் யூஜீன் ரோக்கோ கண்டறிந்தார். காற்றின் ஈரத்தால் தானே இறுகும் பசை 1960களில் தொட்டித் தொழிலுக்கு வந்தது. இறுகும்போது அது வெளிவிடும் அசெட்டிக் அமிலத்தின் காடி நெடி, இன்றும் சென்னை கொளத்தூரில் தொட்டி ஒட்டும் கடைகளில் மூக்கில் ஏறும். அந்த நெடி அடங்கிய பின்னரே நீர் விட வேண்டும் என்பது தொழிலறிந்தோர் கூற்று. கண்ணாடியும் சிலிகான்-ஆக்சிஜன் பிணைப்பால் ஆனதாகையால் இரண்டும் வேதிவகையிலேயே பற்றிக்கொள்கின்றன. லப்பத்துக்கு இல்லாத நெகிழ்வும் இதற்கு உண்டு. சட்டம் தேவையற்றதாயிற்று, துரு ஒழிந்தது, ஈயமும் அகன்றது. ஆயினும் பழைய நிபந்தனை மறையவில்லை: குளியலறைக்கென விற்கப்படும் சிலிகோன் வகைகளில் பூஞ்சைக்கொல்லி கலந்திருப்பதால், அவை மீன் தொட்டிக்கு ஆகா.

பெருந்தொட்டிகளில் அக்ரிலிக் கண்ணாடியின் இடத்தைப் பிடித்தது. இது கண்ணாடியில் பாதி எடையே உடையது. தடித்தாலும் பச்சை நிறம் காட்டாதது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகடுகளை அதே பொருளின் திரவ வடிவத்தால் ஒட்டிப் பிணைக்க முடிவதால் மூட்டு ஏறத்தாழத் தகட்டோடு தகடாகிவிடுவது. 2002-இல் திறந்த ஒக்கினாவா சுராவுமி காட்சியகத்தின் 7,500 கனமீட்டர்த் தொட்டிக்கு 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட சாளரம் இவ்வாறே அமைந்தது. ஆனால் அக்ரிலிக் வெப்பத்தில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரிவது. சிறிதளவு நீரையும் உறிஞ்சுவது. உலர்ந்தால் உள்ளழுத்தம் கொள்வது. ஆகவே கான்கிரீட் பள்ளத்தில் இடைவெளி விட்டு அதைப் பொருத்தி, நெகிழும் சிலிகோனால் விளிம்பை அடைக்கின்றனர். சாளரத்தை இருக்கையோடு சேர்த்து அழுத்தும் வேலையை நீரே செய்கிறது.

எனினும் சிக்கல் சந்திப்பை விட்டு அகலவில்லை. 2008-இல் திறந்த துபாய் மாலின் பெருந்தொட்டியில் 2010 பிப்ரவரியில் ஏற்பட்ட கசிவு, தகடுகளின் இணைப்பில்தான் நேர்ந்தது. பெர்லினில் 2003 முதல் நின்ற, 10 லட்சம் லிட்டர் நீரும் சுமார் 1,500 மீன்களும் கொண்ட அக்வாடோம் என்னும் அக்ரிலிக் உருளை, 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. 2023-இல் வெளியான வல்லுநர் அறிக்கை மூன்று சாத்தியங்களை முன்வைத்தது: ஒட்டிய மூட்டு விட்டுக்கொடுத்தது, சீரமைப்பின்போது அக்ரிலிக்கில் விழுந்த பள்ளம், நீர் வடித்திருந்த காலத்தில் அடிப்பகுதி உலர்ந்தது. இம்மூன்றில் எது காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது என்பதே அவ்வறிக்கையின் முடிவு.